ஓதம் வற்றும்வரை

பொன்னேரியில் மின்ரயிலை விட்டு இறங்கிப் பழவேற்காட்டுப் பேருந்தைப் பிடித்தபோது காலை ஆறே முக்கால். மாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கடைத்தெருவில் இறங்கியதும் உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தேன், உப்புக் கரித்தது. அங்கிருந்து கோட்டைக்குப்பத்துக்கு நடந்தே போய்விடலாம்.

ஏரியைப் பற்றி எழுத வந்த நாட்களில் பழக்கமான மீனவ நண்பர் ஒருவர் முந்தின வாரம் போன் செய்திருந்தார். "பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்ச பெயிண்ட்டு, மூணு மாசம்கூட ஆவல, பாளம் பாளமா வருது. நீங்களும் ஒரு தடவ சுவத்தச் சுரண்டினேன்னு சொன்னீங்களே, வந்து பாருங்க" என்றார். சொன்னது உண்மைதான். மீஞ்சூரில் கட்டிய என் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நாள் குறித்துவிட்டு, பூச்சு காயும்முன் வண்ணம் அடித்தேன். அடுத்த ஆடிக்குள் முன்னறை முழுவதையும் சுரண்ட வேண்டியதாயிற்று. பணம் போனதைவிட, ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்லாததுதான் அதிக நாள் உறுத்தியது. இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அந்த உறுத்தல்தான்.

சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாற்று வெள்ளம் வந்தால் தண்ணீரில் உப்பு குறையும். கோடையில் வற்ற வற்ற ஏறும். இங்கே வீடு கட்டுகிறவருக்கு மண்ணிலும் உப்பு, அடிபம்புத் தண்ணீரிலும் உப்பு, காற்றிலும் உப்பு. வண்ண டப்பாவில் அச்சிட்ட குறிப்புகளை எழுதியவர்கள் இந்த ஊரை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

வீட்டு வாசலில் நண்பரும் அவர் மனைவியும் பெயிண்டர் மேஸ்திரியும் நின்றிருந்தார்கள். மேஸ்திரி பொன்னேரிப் பக்கம். முதலில் அடித்தவர் வேறு ஆள். இவர் பழுதுபார்க்க வந்தவர், முப்பது வருடமாக இதே தொழில். ஓலைக் குடிசை இருந்த இடத்தில் எழுந்திருக்கிறது இந்தச் செங்கல் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கூடத்துச் சுவரில் மேலே சந்தன நிறம். கீழே மூன்றடி உயரத்துக்கு, துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று பழுப்பு நிற எனாமல்.

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது கொப்புளங்கள். ஐந்து ரூபாய் நாணய அளவில் தொடங்கி உள்ளங்கை அளவு வரை. சில உடைந்து தொங்கின. அவற்றின் பின்பக்கம் பஞ்சு போல வெண்மையாக ஏதோ ஒட்டியிருந்தது. சன்னல் ஓரத்தில் யாரோ அதே நிறத்தை வாங்கித் தீட்டி மறைக்கப் பார்த்திருந்தார்கள். அந்த இடம் மட்டும் திட்டாகப் பளபளத்தது.

"மேல இன்னொரு கோட் குடுத்தா மறையாதா மேஸ்திரி?" என்று நண்பரின் மனைவி கேட்டார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"மறையும்மா. ஒரு மாசத்துக்கு மறையும். அப்புறம் புது பெயிண்ட்டையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும்."

அவர் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, சுவரை ஒரு முழத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று கெட்டியாகக் கேட்டது. சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் 'டொப்' என்றது. அங்கே பூச்சு செங்கல்லை விட்டு விலகி நிற்கிறது, வண்ணத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார். கரிக்கட்டியால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இருப்பதைக் கொத்தி எடுத்து, செங்கல்லை நனைத்து, புதிதாகப் பூச வேண்டும். நல்லவேளையாக வீடு முழுவதிலும் இரண்டே வட்டங்கள்தான்.

பிறகு கணக்குக் கேட்டார். எப்போது பூசினீர்கள், எத்தனை நாள் தண்ணீர் விட்டீர்கள், எப்போது பட்டி பார்த்தார்கள்? நண்பர் விரல் விட்டு எண்ணினார். ஐப்பசிக் கடைசியில் பூச்சு முடிந்தது. 7 நாள் தண்ணீர் விட்டார்கள். 18ஆம் நாள் பட்டி, அடுத்த நாள் பிரைமர், அதற்கடுத்த நாள் முதல் கோட். நடுவே கிடைத்த பத்துப் பதினோரு நாட்களில் பாதி நாள் மழை.

பூச்சுக் கலவையில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதியைத்தான் சிமெண்ட் இறுகுவதற்காகத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் சுவரின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தண்ணீர் விட்ட நாட்களில் செங்கல் குடித்ததும் அதே வழியில்தான் வந்தாக வேண்டும். உள்பூச்சு 12 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதன் பின்னால் ஒரு செங்கல் சுவரே ஈரத்தோடு நிற்கிறது. அதனால்தான் புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாளாவது கொடுங்கள் என்று வண்ண நிறுவனங்கள் சொல்கின்றன. அதுவும் வெயிலும் காற்றும் உள்ள நாளாக இருக்க வேண்டும். மழைக்காலத்து நாளை முழு நாளாக எண்ணக்கூடாது.

ஈரத்தோடு காரமும் உண்டு. புதுச் சிமெண்ட் பூச்சின் காரத்தன்மை 12, 13 என்ற அளவில் இருக்கும். காற்று பட்டு நாளாக நாளாகத்தான் அது இறங்கும். எனாமல் எண்ணெய் சேர்ந்த வண்ணம். எண்ணெயும் காரமும் ஈரத்தில் சந்தித்தால் சோப்பு உண்டாகும். சோப்பு காய்ச்சுவதும் இதே முறையில்தான். மேஸ்திரி கீழ்ப்பகுதி எனாமலில் நகத்தை வைத்து அழுத்திக் காட்டினார். அடித்து இரண்டு மாதம் ஆகியும் நகம் பதிந்தது, விரலில் பிசுபிசுத்தது. "இது காயாது சார். எத்தன வருஷம் ஆனாலும் காயாது. முழுசா எடுத்தாவணும்" என்றார்.

எடுக்கத் தொடங்கினார்கள். மேஸ்திரியும் உதவிக்கு வந்த பையனும் தகட்டால் சுரண்ட, பழுப்பு வண்ணம் தோல் போலச் சுருண்டு விழுந்தது. அடியில் பட்டி. அதை மேஸ்திரி உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினார், கை முழுக்க மாவு. வெள்ளைச் சிமெண்ட் பட்டியைப் பூசும்முன் சுவரின் மேற்பரப்பை லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பட்டி இறுகாமல் மாவாகவே நின்றுவிடும். எனக்கு அது முரணாகப் பட்டது. சுவர் காய வேண்டும் என்கிறீர்கள், நனைக்கவும் சொல்கிறீர்களே என்று கேட்டேன். "உள்ள காஞ்சிருக்கணும், மேல நனைஞ்சிருக்கணும். இவங்க உள்ள ஈரமா, மேல காத்துல காஞ்சு இருந்தப்ப பாத்துட்டாங்க, ரெண்டும் தலைகீழு" என்றார். என் வீட்டில் நடந்ததும் அதுதான் என்பது அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

கையால் தேய்த்தால் மாவு வரும் இடம் எதையும் விடக்கூடாது. அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த வண்ணம் அடித்தாலும் அது ஒட்டுவது மாவின் மேல்தான், சுவரின் மேல் அல்ல.

பட்டி போன இடங்களில் சாம்பல் நிறப் பூச்சு வெளிப்பட்டது. அங்கங்கே வெண்மையாகப் பூத்திருந்தது. மேஸ்திரி ஒரு துளியை விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைத்து உடனே துப்பினார். "கரிக்குது. கடலுப்பு" என்றார். வெறும் சுண்ணாம்புப் பூப்பாக இருந்தால் இந்தக் கரிப்பு இருக்காதாம்.

பக்கத்து வீட்டுப் பெண் உதவும் எண்ணத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார். மேஸ்திரி பதறிக் கையை நீட்டித் தடுத்தார். உப்பைத் தண்ணீரால் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும், சுவர் காயும்போது மீண்டும் முகத்துக்கு வரும். ஆகவே உலர்ந்த பிரஷ்ஷால் பெருக்க வேண்டும். கம்பி பிரஷ் பூச்சைக் கீறிவிடும் என்று தேங்காய் நாரைக் கட்டாகக் கட்டிவைத்திருந்தார். கீழே செய்தித்தாள் விரித்து, பெருக்கியதை அதிலேயே பிடித்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். நாலு நாள் கழித்து மறுபடி பூக்கும், மறுபடி பெருக்க வேண்டும். பூப்பது நிற்கும்வரை இதேதான் வேலை.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிக்காமல் சுரண்டுவதில் பயன் இல்லை என்பதால் நாங்கள் எல்லோருமே தேடத் தொடங்கினோம். மணல் பொன்னேரியிலிருந்து லாரியில் வந்தது. கலவைக்கு ஊற்றியது குடிதண்ணீர். பூசிய பிறகு 7 நாளும் சுவரில் தெளித்தது எது என்று கேட்டபோது நண்பர் தலைகுனிந்தார். அடிபம்புத் தண்ணீர். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரைச் சுவரில் ஊற்ற மனம் வரவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கட்டட வேலைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு விடும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. கடல்நீரில் அது ஏறக்குறைய 19,000. ஏரிக்கரை அடிபம்பு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைச் சுவருக்கும் விடக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

உப்புக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். ஏரிக்கரையில் இரவெல்லாம் அந்த ஈரம் உண்டு. பகலில் காற்று உலரும்போது மறுபடி படிகமாகும். படிகமாக வளரும்போது மேலே உள்ள வண்ணத்தை நெம்பித் தூக்கும். மழை ஒரு துளி விழாவிட்டாலும் இரவில் நனைந்து பகலில் காய்வதையே அந்தச் சுவர் தினமும் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் கூடத்தின் கிழக்குச் சுவரில் மட்டும் உப்பு மிக அதிகம். அதுவும் ஒரு பக்கம் இடுப்பளவு, மறு பக்கம் முழங்காலளவு என்று சரிந்த கோடாக ஏறியிருந்தது. மேஸ்திரி அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லாமல் வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். சுவரின் மறுபுறம், அதே சரிவில், வலை குவிந்து கிடந்தது. விடியலில் ஏரியிலிருந்து வந்த வலை. அதிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு வருஷமா இங்கதாங்க கொட்டறோம்" என்றார் நண்பர். குடிசையாக இருந்தபோது அங்கே ஓலைத் தட்டி இருந்தது. ஓலை உப்பைக் குடிக்கவில்லை, குடித்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. வீடு மாறியது, வலை வைக்கும் இடம் மாறவில்லை. அதோடு காற்று கொண்டுவந்து சேர்த்த மணலும் அந்தப் பக்கம் அடித்தளத்துக்கு மேல் ஓரடி ஏறிக் கிடந்தது. ஈர மண் சுவரைத் தொட்டால் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஓதம் ஏறும்.

பழுதுபார்க்கும் வேலையில் முதலில் நடந்தது இதுதான். நண்பரும் அவர் தம்பியும் மண்வெட்டியால் மணலை வாரினார்கள். சுவருக்கு ஆறடி தள்ளி இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டு, குறுக்கே ஒரு கழி கட்டி, வலையைத் தூக்கி அதில் போட்டார்கள். வண்ணத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்காமல் அந்த வீட்டின் பெரிய நோய் அரை மணியில் தள்ளிவைக்கப்பட்டது.

வெளிச்சுவரில் வேறு பிழை. வயல் வெடித்தது போல முடியளவு கீறல்கள் வலைப்பின்னலாக ஓடின. மேஸ்திரிகள் இதை 'ஏர் கிராக்' என்கிறார்கள். சிமெண்ட் அதிகமாகப் போட்டு, மேலே வெறும் சிமெண்ட்டைத் தூவி வழவழப்பாகத் தேய்த்து, கடல் காற்றில் வேகமாக உலரவிட்டதன் விளைவு. நகம் நுழையாத கீறலுக்குப் பிரைமரும் வெளிச்சுவர் வண்ணமும் போதும். நகம் நுழைவதைத் தகட்டு முனையால் 'வி' போலச் சற்று விரித்து, தூசி ஊதி, கீறல் நிரப்பும் பசையால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட வேண்டும். விரிக்காமல் மேலே தடவினால் பசை உள்ளே இறங்காது, அடுத்த கோடையில் அதே கோடு தெரியும்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் வெறும் பூச்சாக நின்றன. மேஸ்திரி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் நாலு பாலிதீன் தாள்களை வெட்டி, நாலு இடத்தில் ஒட்டினார். நாலு விளிம்பிலும் காற்றுப் புகாமல் டேப். குறைந்தது 16 மணி நேரம் இருக்க வேண்டும். சுவருக்குள் ஈரம் இருந்தால் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். "காலைல வந்து பாக்கறேன். அது சொல்றதுதான் கணக்கு" என்று கிளம்பிவிட்டார். நான் அன்றிரவு அங்கேயே தங்குவதென்று முடிவு செய்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கட்டிய கோட்டைக்கு, தங்கள் நாட்டு மாநிலம் ஒன்றை நினைத்து கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். கோட்டை இன்று வெறும் மேடு. கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. நான் சிற்பங்களைத் தாண்டி, உள்ளே இருந்த செங்கல் கட்டுமானங்களின் சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்த்தேன். கறுத்திருந்தது, சில இடங்களில் உதிர்ந்திருந்தது. ஆனால் வண்ணம் போலத் தோலாக உரியவில்லை. உப்பையும் ஈரத்தையும் உள்ளே அடைத்துவைக்காமல் வழிவிட்டு, தானும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தது.

இந்த ஏரியின் அடியில் கிளிஞ்சல் படுகை உண்டு. அதைத் தோண்டி, காளவாயில் சுட்டு, நீற்றிச் சுண்ணாம்பாக்கினார்கள். ஏரிக்கரை வீடுகள் அந்தச் சுண்ணாம்பால்தான் வெளுத்தன. திரும்பும் வழியில் ஒரு பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையில் பனையோலைக் கூடை முடைந்துகொண்டிருந்த மூதாட்டியிடம் சுவரைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். "தொடுங்க தம்பி, கையில ஒட்டும்" என்றார். ஒட்டியது. வருடா வருடம் சுண்ணாம்பில் நீலமும் வஜ்ஜிரமும் கலந்து அடிப்பார்களாம். ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனை வருட வெள்ளையோ அந்தச் சுவரில் இருந்தது. சுண்ணாம்பும் காரம், புதுச் சுவரும் காரம், ஆகவே இரண்டுக்கும் சண்டை இல்லை. சுவரின் ஈரம் சுண்ணாம்பைத் தாண்டிக் காற்றுக்குப் போய்விடும். உப்புப் பூத்து உதிர்ந்தால் அடுத்த பொங்கலுக்கு மறுபடி வெள்ளையடிப்பார்கள்.

நம் சுவர்களும் பூசும் பொருளும் மாறிவிட்டன, பழைய அவசரம் மட்டும் மாறவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் ஈரச் சுவரில் வெள்ளையடித்த பழக்கத்தை அப்படியே எமல்ஷனுக்கும் எனாமலுக்கும் கொண்டுவந்துவிட்டோம். சுண்ணாம்பு பொறுத்துக்கொண்டதை இவை பொறுக்காது. தவறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேஸ்திரி வந்தார். வீட்டில் எல்லோரும் கூடிவிட்டோம். படுக்கையறைத் தாளை முதலில் உரித்தார். உட்பக்கம் உலர்ந்திருந்தது. கூடத்தின் மேற்குச் சுவரில் மேலே ஒட்டியதும் அப்படியே. மேற்குச் சுவரின் கீழ்த்தாளில் மூடுபனி போல மெல்லிய ஈரம். கிழக்குச் சுவரில், வலை கிடந்த இடத்துக்கு நேர் உள்ளே ஒட்டியிருந்த தாளில் துளிகள் திரண்டு, டேப் ஓரத்தில் கோடாக வழிந்திருந்தன.

மேஸ்திரி வாங்கிவந்த பிரைமர் டப்பாக்களில் ஒன்றைத்தான் திறந்தார். காரம் தாங்கும் பிரைமர். படுக்கையறைக்கு மட்டும், மூலைக்கு மூலை முழுச் சுவராக, டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் சேர்த்து அடித்தார்கள். திட்டுத் திட்டாகத் தொட்டால் சுவர் ஒரு இடத்தில் அதிகமாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் உறிஞ்சும், மேலே வண்ணமும் அப்படியே திட்டாகத் தெரியும். கூடத்தை அவர் தொடவில்லை. அடுத்து அடிக்கும்போதும் கீழ்ப்பகுதிக்கு எனாமல் வேண்டாம், காற்றுவிடும் எமல்ஷன் போதும் என்றார். தினமும் பகலில் சன்னல்களைத் திறந்துவையுங்கள், மின்விசிறியை ஓடவிடுங்கள், பூத்தால் நாரால் பெருக்குங்கள், தண்ணீர் தொடாதீர்கள் என்றார். பிறகு அன்றைக்கு அரை நாள் கூலி போதும் என்று சொல்லிப் பையை மடித்தார். வேலை இருந்தும் அதைச் செய்யாமல் போகிறவரிடம் எனக்குப் பெரிய மரியாதை ஏற்பட்டது.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றப்போ இப்படி வெறும் சுவரா நிக்குமே" என்று நான்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் எனக்கு டீயைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் படும் நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை விடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பத்தில் தலைமுறைகளாக நடப்பது. தன் முறை வராத நாளில் ஏரியில் எவ்வளவு இறால் இருந்தாலும் அந்த இடத்தில் வலை இறங்காது.

"பாடு வர்ற நாளுக்குக் காத்துக்கிட்டுதானே இருக்கோம். சுவத்துக்கும் ஒரு நாள் இருக்கும்ல, அது வரட்டும்" என்றார் அக்கா.

பழைய தமிழில் கடல் பெருகி வருவதற்கும் ஓதம் என்றுதான் பெயர். ஏறும் ஓதத்துக்கும் வற்றும் ஓதத்துக்கும் பழகிய ஊர் இது. நான் கிளம்பும்போது நண்பர் மேஸ்திரியின் கரிக்கட்டியை எடுத்து, கூடத்தின் கிழக்குச் சுவரில், தாள் ஒட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்: 'பங்குனி 15, மறுபடி பார்க்கணும்.'